எழாத கணினியும் ஈற்றெழுத்தும்

தமிழாசிரியர் கணினியைப்பற்றி எழுதப் புகுவது கண்டு அன்பர் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், இம்மலருக்கென வந்த கட்டுரைகளுட் பெரும்பாலன எமது தமிழ்மன்ற அறையிலுள்ள பழைய மேசைக்கணினி ஒன்றிலேயே தட்டெழுதி வைக்கப்பட்டிருந்தன. அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்குப் பதினொரு நாள் முன்னர் அக்கணினி கண்மூடிற்று. அதனை மீண்டும் எழுப்ப யாம் பட்ட பாடும், அதனாற் கற்ற பாடமும் பிறர்க்கும் பயன்படும் எனக் கருதியே இதனை எழுதுகின்றோம்.

நிகழ்ந்தது இது. அக்கணினி 4 கிகாபைற்று நினைவகம் உடையது; ஒவ்வொன்றும் 2 கிகாபைற்றுக் கொள்ளும் இரண்டு தகடுகள் அதிற் செருகப்பட்டிருந்தன. மாணவர் இத்தகட்டினை ‘றாம்’ என்பர். நீண்ட கட்டுரையொன்றைத் திறந்தாற் கணினி தள்ளாடி நடக்கும் முதியவர்போல் ஆகிவிடும். இதனைக் கேள்வியுற்ற பழைய மாணவர் ஒருவர், தாம் பணிபுரியும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபொழுது, 8 கிகாபைற்றுத் தகடுகள் இரண்டை அன்பளிப்பாகக் கொணர்ந்தார். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் பழைய தகடுகளைக் கழற்றிப் புதியனவற்றைச் செருகினர். ஆளியை அழுத்தினோம். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையோ இருண்டே கிடந்தது. பெட்டியினுள்ளிருந்து ‘பீப்’ என்னும் ஒலி விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் ஓரிரு நிமிடம் பார்த்துவிட்டுத் தாய்ப்பலகை எரிந்துவிட்டது என்றும், புதிய கணினி வாங்குதலே நன்று என்றும் கூறினார். எமக்கு நெஞ்சு திடுக்குற்றது. கணினி போயிற்றே என்பதனினும் கட்டுரைகள் போயினவே என்பதே பெருங்கவலை. அன்பளிப்புச் செய்த மாணவர் இதனை அறிந்தால் தம்மால் வந்த கேடு எனத் துயருறுவாரே என்பது மற்றொன்று.

கவலைகளுள் முதலாவது அறியாமையாற் பிறந்தது என்பதைத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் நண்பர் விளக்கினார். நினைவகம் என்னும் பெயர் எம்மை மயக்கிவிட்டது. கணினியில் நாம் சேமித்து வைக்கும் கட்டுரை வன்றட்டில் இருப்பது. றாம் தகட்டில் இருப்பதன்று. தகடு வேலை செய்யும் மேசையை ஒக்கும். வன்றட்டு அலுமாரியை ஒக்கும். மேசை முறிந்தால் அலுமாரியிலுள்ள ஏடுகள் அழிவதில்லை. வன்றட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தும் படிக்கலாம். ஆதலின், நினைவகம் மாற்றியபின் எழாத கணினியைக் கண்டு, வன்றட்டை அழித்து மென்பொருளைப் புதிதாக ஏற்றவேண்டும் என யாரேனும் கூறின் இசையற்க. வன்றட்டைத் தேடும் நிலையையே அக்கணினி இன்னும் எய்தவில்லை.

ஆளியை அழுத்தியபின் உள்ளே நிகழ்வதைச் சிறிது நோக்குவோம். முதலில் விழிப்பது தாய்ப்பலகையிற் பதிக்கப்பட்டுள்ள ‘பயோஸ்’ என்னும் சிறு நிரல். அது செயலியையும் நினைவகத்தையும் பிற உறுப்புக்களையும் சோதிக்கின்றது. திரையில் எழுத்துத் தோன்றுவதற்கு முன்னரே நினைவகம் சோதிக்கப்படுகின்றமையால், நினைவகம் பிழையாயின் அப்பிழையைத் திரையில் எழுதிக் காட்டக் கணினியால் இயலாது. ஆகவே அது ஒலியாற் பேசுகின்றது. எத்தனை ஒலி, குறிலா நெடிலா என்பதற்கேற்பப் பொருள் வேறுபடும். இவ்வொலிமொழியும் எல்லாப் பலகைக்கும் ஒன்றன்று; பயோஸ் செய்தோர்க்கேற்ப மாறும். ஆதலாற் பலகையின் கையேட்டைப் பார்த்தே பொருள்கொள்ளல் வேண்டும். அண்மைக்காலப் பலகைகள் பலவற்றில் ஒலிக்குப் பதிலாக நான்கு சிறு விளக்குகள் உள்ளன. அவற்றுள் ‘டிராம்’ எனப் பெயரெழுதிய விளக்கு அணையாது நின்றாற் குற்றம் நினைவகத்தின்பால் என அறிக. எமது கணினியின் கையேட்டை அலுமாரியின் அடித்தட்டிற் கண்டெடுத்தோம். அது கேட்ட ஒலிக்கு நினைவகப் பிழை என்றே பொருள் கூறிற்று. தாய்ப்பலகை எரிந்தது என்று கூறவில்லை. எரிந்த பலகை இவ்வாறு பேசுதல் அரிது.

இந்நினைவகத்தின் அமைப்பும் வியப்புக்குரியது. 1966ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த றொபேட் டெனாட் என்பார், ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்து ஒரு பிற்றைத் தாங்கும் முறையைக் கண்டார். 1968இல் அதற்கு உரிமம் வழங்கப்பட்டது. கொள்ளளவியிலுள்ள ஏற்றம் ஓட்டைக் குடத்து நீர்போற் கசிந்துகொண்டேயிருக்கும். அதனால் அது வழமையாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒருமுறை மீள நிரப்பப்படும். மின் நின்றாற் குடமும் வெறுங்குடமே. இத்துணை நுண்ணிய ஏற்பாடு தகட்டின் ஓரத்திலுள்ள பொன்முலாம் பூசிய 240 தொடுமுனைகள் வழியே செயலியோடு உரையாடுகின்றது. அவற்றுட் சில தொடாதொழியினும் உரையாடல் முறிந்துவிடும்.

இனி யாம் செய்ததைக் கூறுவோம். முதலில் மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றினோம். கழற்றியபின்னும் ஆளியைச் சில செக்கன் அழுத்திப் பிடித்தோம். உள்ளே எஞ்சிய மின்னும் வடிந்துவிட வேண்டும் என்பதற்காக. பெட்டியின் வெற்று உலோகப் பகுதியைத் தொட்டபின்னரே தகட்டைத் தொட்டோம். எமது உடலில் ஏறியிருக்கும் நிலைமின் எமக்குப் புலனாகாத அளவிலேயே சில்லினைப் பழுதாக்கவல்லது.

பின்னர்ப் புதிய தகடுகளைக் கழற்றிப் பழையனவற்றை இட்டோம். நேற்றுவரை ஓடிய நிலைக்கு மீளுதலே முதற்படி என்பது நண்பர் கூறிய விதி. மீண்டு பார்த்தோம், கணினி எழவில்லை! கடைக்காரர் கூறியது மெய்யோ எனச் சோர்ந்த கணம் அதுவே. மாணவர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காது நின்றனர்.

ஆயினும் கூர்ந்து நோக்கியபோது ஒரு தகட்டின் ஓர் அந்தத்திலிருந்த கவ்வி முற்றாக மூடாதிருக்கக் கண்டோம். தகட்டை இரு அந்தத்தும் ஒப்ப அழுத்தினால் ‘டக்’ என்னும் ஒலியுடன் கவ்வி தானே மூடும்; மூடாவிடிற் செருகியதாகக் கொள்ளற்க. பலர் பலகை முறிந்துவிடும் என்றஞ்சி மெல்ல அழுத்தி விட்டுவிடுவர். அஃதன்றியும், ஆண்டுக்கணக்கிற் கழற்றப்படாத அத்தகடுகளின் தொடுமுனைகள் மங்கியிருந்தன. பென்சில் அழிக்கும் மென்மையான வெள்ளை அழிறப்பரால் அவற்றை மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துகளைத் துடைத்தோம். மையழிக்கும் கரடான அழிறப்பர் ஆகாது. அது பொன்முலாமையே உரித்துவிடும். அத்துடன் பலகையிலிருந்த 3 வோல்ற்று நாணய மின்கலத்தையும் கழற்றிச் சிறிதுநேரம் வைத்திருந்து மீள இட்டோம். அவ்வாறு செய்தாற் பயோஸ் தான் நினைவில் வைத்திருந்த பழைய அமைப்புக்களை மறந்து தொடக்க நிலையை எய்தும்.

ஒரேயொரு பழைய தகட்டை மட்டும் இட்டு ஆளியை அழுத்தினோம். ஒரு குறும் ஒலி, திரையில் எழுத்து! நாட்காட்டி பல ஆண்டு பின்னோக்கிச் சென்றிருந்தது. மின்கலத்தைக் கழற்றியதன் விளைவு அது. அழிறப்பர் எழுப்பியதோ, மின்கலம் எழுப்பியதோ என்று கேட்பின் இன்றுவரை யாம் அறியோம். இரண்டையும் ஒருங்கே செய்தமை எமது பிழை. ஒன்றைச் செய்து பார்த்தபின் மற்றொன்றைச் செய்திருந்தால் இக்கட்டுரை இன்னும் சிறிது தெளிவுற்றிருக்கும். அன்று மாலையே கட்டுரைகள் அனைத்தையும் வேறிரு இடங்களிற் படியெடுத்தோம் என்பது சொல்லாமலே விளங்கும்.

பழையன இரண்டும் நலமே; அற்றேல் புதியனவற்றின் குற்றம் யாது? இம்முறை ஒழுங்காக ஆராய்ந்தோம். தகடு இரண்டு, செருகுமிடம் இரண்டு. ஆகவே தனித்தனியே நான்கு முறை இட்டுப் பார்த்தோம். நான்கிலும் அதே ஒலி. ஒன்று பழுதெனின் ஏற்கலாம். இரண்டும் ஒருங்கே பழுது என்பது ஏற்புடைத்தன்று. ஆதலாற் பழுதன்று, பொருந்தாமையே என ஐயுற்று, தகடுகளின்மேல் ஒட்டப்பட்டிருந்த சிறு கடதாசிகளைப் படித்தோம். பழையதில் ‘பி.சி.3-12800யு’ என்றும், புதியதில் ‘பி.சி.3எல்-12800ஆர்’ என்றும் இருந்தது.

தமிழ் கற்பிப்போருக்கு இவ்விடத்து ஒரு மகிழ்ச்சி உண்டு. அரம் என்பதும் அறம் என்பதும் ஓரெழுத்தால் வேறுபடுதலை ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் விளக்குகின்றோம் அல்லமோ? இப்பெயரையும் அவ்வாறே பதம் பிரித்தோம். ‘பி.சி.3’ என்பது டி.டி.ஆர்.3 என்னும் தலைமுறையைக் குறிக்கும். ‘எல்’ என்பது 1.5 வோல்ற்றுக்குப் பதிலாக 1.35 வோல்ற்றிலும் இயங்கும் என்பதைக் காட்டும். 12800 என்பது செக்கனுக்கு எத்தனை மெகாபைற்றுச் செல்லும் என்னும் அளவு; 1600ஐ 8ஆற் பெருக்க வருவது. இவை எல்லாம் பொருந்தின. ஈற்றெழுத்தே பொருந்தவில்லை. ‘யு’ என்பது மேசைக்கணினிக்குரிய சாதாரண தகடு. ‘ஆர்’ என்பதோ சேவையகம் எனப்படும் பெருங்கணினிக்குரியது. அதில், செயலி விடுக்கும் கட்டளைகளை ஏற்றுத் தாங்கிப் பின் சில்லுகளுக்கு அறிவிக்கும் இடையாள் ஒருவர்போல் ஒரு தனிச்சில்லு நடுவே இருக்கும். பல தகடுகளைச் சுமக்கவேண்டிய சேவையகத்துக்கு அவ்விடையாள் இன்றியமையாதவர். சாதாரண மேசைக்கணினியின் செயலியோ இடையாளோடு பேசப் பழகாதது.

சில்லுகளையும் எண்ணினோம். பழைய தகட்டில் 8; புதியதில், நடுச்சில்லு நீங்கலாக, இருபுறமும் சேர்த்து 36. சேவையகத் தகடு 64 பிற்றுத் தரவோடு பிழை காணும் 8 பிற்றையும் சேர்த்து 72 பிற்றாகக் கொள்வதனால், அதன் நினைவகச் சில்லுகள் பெரும்பாலும் ஒன்பதின் மடங்காக இருக்கும். கடதாசி கிழிந்த தகட்டை வாங்குவோர்க்கு இவ்வெண்ணிக்கை உதவும். இவ்விருவகைத் தகட்டுக்கும் தொடுமுனை 240, நடுவிலுள்ள வெட்டும் ஒரே இடத்தில். ஆகவே தடையின்றிச் செருகலாம், செருகினும் எழாது. சேவையகங்களிலிருந்து கழிக்கப்பட்ட தகடுகள் மலிவாக விற்கப்படுதலின், இம்மயக்கத்திற்கு ஆளாவோர் எம்போற் பலர்.

தலைமுறை மாறின் அவ்வாறன்று. டி.டி.ஆர்.4 தகட்டுக்கு 288 தொடுமுனை, வெட்டும் வேறிடத்தது, வலிந்து அழுத்தினாற் செருகுமிடம் உடையுமேயன்றிப் பொருந்தாது. டி.டி.ஆர்.5 வகைக் கணினி வைத்திருப்போர் மற்றொன்றும் அறிதல் நன்று. புதிய தகடு இட்டபின் முதன்முறை எழும்போது, பலகை அத்தகட்டோடு ஒத்திசைந்து பழகச் சில நிமிடம் எடுக்கலாம். அதுவரை திரை இருண்டிருக்கும். பொறுமையிழந்து மின்னை நிறுத்திவிட்டுப் பழுதென முடிவுசெய்தல் தகாது. கணினி எழுந்தும் இடையிடையே நின்றுவிடுமாயின், மெம்ரெஸ்ற்86 என்னும் சோதனை நிரலை ஓரிரவு ஓடவிட்டுப் பார்க்கலாம்.

எஞ்சியது அன்பளிப்புச் செய்தவர்க்கு அறிவித்தல். பல நாள் தயங்கினோம். ஈற்றில் உள்ளதை உள்ளவாறே எழுதினோம். அவர் சினக்கவுமில்லை, வருந்தவுமில்லை. “ஐயா, நான் வேலை செய்யுமிடத்தில் ஆர் என்ற எழுத்தையே நாள்தோறும் பார்க்கிறேன், யு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்” என மறுமொழி விடுத்தார். அவருடன் கற்ற மற்றொரு பழைய மாணவர் பணிபுரியும் நிறுவனத்தின் சேவையகத்தில் அத்தகடுகள் இப்போது ஓடுகின்றன. அதற்கு ஈடாக அவர் 4 கிகாபைற்றுத் தகடுகள் இரண்டை வாங்கித் தந்தார். பொதியைப் பிரிக்குமுன் மாணவர் இருவரும் ஈற்றெழுத்தை உரக்க வாசித்தனர். இம்மலரின் மெய்ப்பு அத்தகடுகள் பூட்டிய கணினியிலேயே திருத்தப்பட்டது. பழைய தகடுகள் இரண்டும் கடிதவுறையொன்றில், ‘நலமே உள்ளன’ என்னும் குறிப்போடு, மன்ற அலுமாரியில் உள.