பனிச்சறுக்கு ஆசிரியரும் ஐம்பது வினாடித் தேர்வும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

வட்ட இயக்கத்தைப் பற்றிப் படிக்கும்போது நம் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மூன்றுதான். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல், வளைவில் சாய்ந்து திரும்பும் மிதிவண்டி, ஒரு பக்கம் உயர்த்தி அமைத்த இருப்புப்பாதை. இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். ஆல்ப்ஸ் மலை நாடுகளில் பனிச்சறுக்கு ஆசிரியராக விரும்புகிறவர் தேறவேண்டிய வேகத் தேர்வே அது. அந்தத் தேர்வில் எழுத்து இல்லை, வாய்மொழிக் கேள்வி இல்லை. மலைச்சரிவில் நட்ட கம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கவேண்டும். முடிவு ஒரு நிமிடத்திற்குள் தெரிந்துவிடும். பனியையே பார்த்திராத நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். தேர்வு என்ற சொல்லை அறிந்தவர்க்கு நிறைய இருக்கிறது.

பனிச்சறுக்கில் பல பிரிவுகள் உண்டு. நேராகப் பாய்ந்து இறங்குவது ஒன்று. நெருக்கமாக நட்ட கம்புகளுக்கிடையே படபடவென்று திரும்பி இறங்கும் ஸ்லாலம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஜயண்ட் ஸ்லாலம். இதில் கதவுகள் எனப்படும் கம்புகள் ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும், வளைவுகள் பெரியவை, வேகமும் அதிகம். 1935ஆம் ஆண்டு இத்தாலியில் மொட்டரோனே மலையில் இவ்வகைப் போட்டி முதன்முதலாக நடந்தது. 1950இல் அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் நடந்த உலகப் போட்டியிலும், 1952இல் ஆஸ்லோ ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது. அந்த ஒலிம்பிக்கில் ஆடவர் பிரிவில் தங்கம் வென்ற நார்வே நாட்டு ஸ்டைன் எரிக்சன், பிற்காலத்தில் அமெரிக்காவில் சறுக்குப் பள்ளிகளை நடத்தினார் என்பது நம் கட்டுரைக்குப் பொருத்தமான செய்தி.

பிரான்சில் பனிச்சறுக்கு ஆசிரியத் தொழில் சட்டத்துக்கு உட்பட்டது. உரிய தகுதியின்றி ஊதியம் பெற்றுக் கற்பிப்பது குற்றம். ஷாமோனி நகரில் உள்ள தேசியப் பனிச்சறுக்கு மலையேற்றப் பள்ளி இத்துறையின் தலைமை இடம் எனலாம். அங்கு ஆசிரியராக முழுத்தகுதி பெறப் பல படிகள் உண்டு. அவற்றுள் பலரையும் கலங்க வைக்கும் படி, ஐரோப்பியத் தேர்வு என்று பொருள்படும் 'யூரோடெஸ்ட்'. அதுவே ஜயண்ட் ஸ்லாலம் வேகத் தேர்வு. 2019இல் ஐரோப்பிய ஆணையம் ஒரு விதி வகுத்து, நாடு கடந்து தொழில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கான பொதுத் தேர்வில் இத்தகைய வேகச் சோதனையையும், பனிச்சரிவு ஆபத்து முதலியன பற்றிய பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்தது.

தேர்ச்சி மதிப்பெண் எது?

நூற்றுக்கு முப்பத்தைந்து என்று நமக்குப் பழக்கமான கணக்கு இங்கே செல்லாது. மலை ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருப்பதில்லை. இன்று உறைந்து கண்ணாடிபோல் இருக்கும் சரிவு நாளை புதுப்பனி விழுந்து மெத்தென்று ஆகிவிடும். ஆகவே 'இத்தனை வினாடிக்குள் இறங்கு' என்று நிலையாக ஓர் எண்ணை வைத்தால் அது நேர்மையாகாது. இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. தேர்வர்கள் இறங்கும் அதே நாளில், அதே பாதையில், முன்னோட்டக்காரர்கள் சிலர் இறங்குவர். ஒவ்வொரு முன்னோட்டக்காரருடைய திறனும் முன்கூட்டியே அளக்கப்பட்டு, அவருக்கென ஒரு கெழு குறிக்கப்பட்டிருக்கும். அவர் எடுத்த நேரத்தை அந்தக் கெழுவினால் திருத்தி, மிகச் சிறந்த வீரர் ஒருவர் அன்று அங்கே இறங்கியிருந்தால் எடுத்திருக்கக்கூடிய நேரம் கணக்கிடப்படும். அதுவே அடிப்படை நேரம். ஆண் தேர்வர் அதற்கு மேல் 18 விழுக்காட்டுக்குள்ளும், பெண் தேர்வர் 24 விழுக்காட்டுக்குள்ளும் இறங்கிவிட்டால் தேர்ச்சி.

நம் ஆய்வகத்தில் திட்ட அளவியோடு ஒப்பிட்டுக் கருவியின் பிழையைத் திருத்துகிறோமே, அதே முறைதான். இங்கே திட்ட அளவி ஒரு மனிதர், அவ்வளவே வேறுபாடு.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கதவுகள் 40. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சறுக்கும் தொலைவு 22 மீட்டர். ஆக மொத்தப் பாதை 880 மீட்டர். அடிப்படை நேரம் 50 வினாடி. 18 விழுக்காடு என்றால் 9 வினாடி; எல்லை 59 வினாடி. ஒன்பது வினாடி தாராளமாகத் தோன்றும். நாற்பது கதவுக்கும் பகிர்ந்து பாருங்கள்: கதவுக்கு 0.225 வினாடி. கண் இமைக்கும் நேரம் என்று சொல்வோமே, ஏறத்தாழ அதுதான். ஒவ்வொரு கதவிலும் ஒருமுறை கண் இமைக்கலாம். இரண்டாம் முறை இமைத்தால் தோல்வி.

ஆற்றல் எங்கே போகிறது?

மேற்சொன்ன பாதையில் உச்சிக்கும் அடிக்கும் உயர வேறுபாடு 250 மீட்டர் என்போம். தேர்வர் தம் கட்டைகளோடு 70 கிலோகிராம் எடையுள்ளவர். உச்சியில் அவருடைய நிலையாற்றல் 70 × 9.8 × 250, அதாவது 1,71,500 ஜூல். இழப்பே இல்லையானால் அடியில் அவர் வேகம் வினாடிக்கு 70 மீட்டர். மணிக்கு 252 கிலோமீட்டர்! ஆனால் 59 வினாடியில் இறங்குகிறவரின் சராசரி வேகம் வினாடிக்கு 15 மீட்டர் மட்டுமே. அதையே இறுதி வேகமாகக் கொண்டால் இயக்க ஆற்றல் 7,875 ஜூல். முதலில் இருந்ததில் 4.6 விழுக்காடுதான். மீதி எல்லாம் காற்றைத் தள்ளுவதிலும், பனியைச் சீவி எறிவதிலும், உராய்விலும் போய்விட்டது.

இதைவிட வியப்பு அடுத்த கணக்கில் இருக்கிறது. 50 வினாடியில் இறங்கும் நிபுணரின் சராசரி வேகம் 17.6 மீட்டர். இதே எடையும் இதே முறையும் கொண்டு பார்த்தால் அவர் கையில் மிஞ்சுவது 6.3 விழுக்காடு. ஆக, இருவருமே பெருஞ்செல்வத்தைத் தொலைத்தவர்கள்தாம். நிபுணர் தொலைத்தது கொஞ்சம் குறைவு. முழு ஆற்றலில் 2 விழுக்காடுகூட இல்லாத அந்த வேறுபாடு நேரத்தில் 18 விழுக்காடாகக் காட்சி தருகிறது. வேகமாகச் செல்லக் கற்பது என்பதைவிட, வீணாகத் தடுக்காமல் இருக்கக் கற்பது என்று இந்தப் பயிற்சியைச் சொல்வதே பொருந்தும்.

தடுப்பது எப்படி நேர்கிறது? பனிச்சறுக்குக் கட்டை இரு முனையிலும் அகன்று நடுவில் ஒடுங்கியது. அதன் பக்கவாட்டு வளைவு ஒரு பெரிய வட்டத்தின் பகுதி. சர்வதேசப் போட்டிகளில் ஆடவர் ஜயண்ட் ஸ்லாலம் கட்டைக்கு இந்த வட்டத்தின் ஆரம் 2017 முதல் 30 மீட்டர். கட்டையைச் சாய்த்து, எஃகு விளிம்பில் நின்று அழுத்தினால் அது வில்போல் வளைந்து, தன் வளைவிலேயே பனியில் ஒரு கோடு கீறிக்கொண்டு போகும். கட்டையை 60 பாகை சாய்த்தால், கடினமான பனியில் திரும்பும் ஆரம் ஏறத்தாழ 30 × கொசைன் 60, அதாவது 15 மீட்டர். இப்படிக் கீறிச் செல்லும்போது இழப்பு குறைவு. சாய்வு போதாமல், காலைத் திருகிக் கட்டையைக் குறுக்கே தள்ளினால் அது பனியை வாரி இறைத்துக்கொண்டு வழுக்கும். பார்ப்பவர்க்கு வெண்புகை பறப்பது கண்கொள்ளாக் காட்சி. கடிகாரத்துக்கோ அது அபராதம்.

இனி வட்ட இயக்கத்துக்கு வருவோம். வேகம் 15, ஆரம் 15. வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 15. புவியீர்ப்பில் ஒன்றரை மடங்கு. சமன்பாட்டின்படி உடல் செங்குத்திலிருந்து சாயவேண்டிய கோணம் 57 பாகை. கட்டைக்கு நாம் கண்ட 60 பாகையோடு இது ஏறத்தாழ ஒத்துப்போவதைக் கவனியுங்கள். சரிவின் விளைவை நான் விட்டுவிட்டேன். ஆயினும் கணக்கு கைகொடுக்கிறது. எடையையும் மையநோக்கு விசையையும் கூட்டிப் பார்த்தால் கால் தாங்குவது உடல் எடையைப்போல் 1.8 மடங்கு. 70 கிலோகிராம் மனிதர் 128 கிலோகிராம் பாரத்தைத் தாங்குகிறார். அதிலும் பெரும்பகுதி வெளிப்புறக் கால் ஒன்றின்மேல். இடது, வலது என்று மாறி மாறி நாற்பது முறை. கோடையில் இவர்கள் மிதிவண்டி ஓட்டுவதும், பாரம் சுமந்து உட்கார்ந்து எழுவதும் எதற்காக என்பது இதனால் விளங்கும்.

பயிற்சி முறை

பயிற்சி முதலிலேயே உயரமான கம்புகளில் தொடங்குவதில்லை. தரையோடு ஒட்டிய குட்டைத் தூரிகைகளை நட்டு, மென்மையான சரிவில் தொடங்குவர். புதியவர் செய்யும் முதன்மைத் தவறு ஒன்றே. கம்பு வரும்வரை நேராக வந்து, கம்பைக் கண்டதும் திரும்புவார். அதற்குள் காலம் கடந்துவிடும். கம்பைத் தாண்டிக் கீழே போய்த்தான் வளைவு முடியும். அடுத்த கதவுக்கு அரை மீட்டர் தாழ்ந்து வருவார். அதற்கடுத்ததற்கு ஒரு மீட்டர். பிழை கதவுக்குக் கதவு வட்டி போட்டு வளரும். ஐந்தாறு கதவுக்குப் பிறகு, பாதையை விட்டுப் போகாதிருக்கக் கட்டையைக் குறுக்கே தள்ளித் தடுக்கத்தான் வேண்டும். எனவே வளைவின் பெரும்பகுதியைக் கம்புக்கு மேலேயே முடித்துவிடு என்பது பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்லும் பாடம். பார்வை இந்தக் கம்பில் இருக்கலாகாது. அடுத்ததற்கும் அடுத்ததில் இருக்கவேண்டும். முன்பே தொடங்குவது நீண்ட வழியாகத் தோன்றும். மனம் குறுக்கு வழியையே கேட்கும். அதை அடக்குவதற்கே ஒரு பருவம் ஆகிவிடுகிறது என்பர்.

தொடக்கத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. புறப்படும் இடத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு சிறு கோல் குறுக்கே நிற்கும். கால் அதைத் தள்ளித் திறந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே தேர்ந்தவர்கள் உடலை முதலில் முன்னே எறிந்து, காலைக் கடைசியில் கொண்டுவருவர். ஒரு கதவின் கண் இமைப்பை இங்கேயே மீட்டுக்கொள்ளலாம்.

முந்தைய மாலையில் விளிம்பைத் தீட்டுவதும், பனியின் வெப்பநிலைக்கு ஏற்ற மெழுகு பூசுவதும் தனி வேலை. காலையில் பாதை ஓரமாக மெல்ல வழுக்கி இறங்கிக் கதவுகளை மனப்பாடம் செய்ய நேரம் தருவர். பின்னால் இறங்குகிறவர்களுக்கு முன்னவர் வெட்டிய பள்ளங்கள் காத்திருக்கும். விழுக்காட்டுக் கணக்கு வானிலையைச் சரிக்கட்டுகிறது. பள்ளத்தை முழுமையாகச் சரிக்கட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை.

வேகம் ஆசிரியர்க்கு எதற்கு?

ஆறு வயதுக் குழந்தைக்கு நின்று பழகக் கற்பிக்கப்போகிறவர் நொடியில் பங்குகளை ஏன் எண்ணவேண்டும்? இந்தக் கேள்வியை அந்நாடுகளிலேயே பலர் எழுப்பியிருக்கிறார்கள். வேகமாகச் சறுக்குகிறவர் நன்றாகக் கற்பிப்பார் என்பதற்கு உறுதி இல்லை என்பது அவர்கள் வாதம். அது மெய்யே. ஆனால் மறுபக்கமும் உண்டு. திறந்த சரிவில் நமக்குப் பிடித்த இடத்தில் திரும்பலாம்; குறையை மறைக்கலாம். கதவு வைத்த பாதையில் திரும்பும் இடம் நம் கையில் இல்லை. உறைந்த சரிவில் மாணவன் ஒருவன் கட்டுமீறிப் போனால் ஆசிரியர் திரும்பவேண்டிய இடத்தையும் அவர் தேர்ந்தெடுக்க முடியாது. கற்பிக்கும் திறனை வேறு தேர்வுகள் பார்த்துக்கொள்கின்றன.

என்னைக் கேட்டால் கடிகாரத்தின் பக்கமே நிற்பேன். அதற்கு நான் யார் மகன் என்று தெரியாது. விடைத்தாளைத் திருத்துகிறவர்க்கு நம் பெயர் தெரியாது என்பதில் ஒரு நிம்மதி உண்டல்லவா? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறியவர்கள் அதை நன்கு அறிவார்கள். ஆனால் அந்த நேர்மை புறப்படும் கோலிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதைக் கடிகாரம் அளப்பதில்லை. மலைக்கிராமத்தில் பிறந்து, நடக்கத் தொடங்கியதுமே சறுக்கி, பள்ளி நாளிலேயே சங்கத்தில் சேர்ந்து கதவு பழகியவனும், சமவெளி நகரில் பிறந்து இருபதாம் வயதில் ஆசை கொண்டவளும் ஒரே கோலுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அவளுக்குப் பயிற்சிக் கட்டணம், கட்டைகள், மேலேறும் கம்பிவண்டிக்குச் சீட்டு, தங்கும் செலவு எல்லாம் கைப்பணம். உணவகத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டு பகலில் பழகுகிறவர்கள் பலர் உண்டு. கோடையிலும் பழகவேண்டுமானால் ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸ், சுவிட்சர்லாந்தின் செர்மாட் போன்ற பனியாற்று இடங்களுக்குப் போகவேண்டும். அந்தப் பனியாறுகளும் ஆண்டுதோறும் சுருங்குகின்றன. 2022 ஜூலை இறுதியில் வெப்பம் தாங்காமல் செர்மாட்டிலேயே கோடைச் சறுக்கைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க நேர்ந்தது. பழகும் இடம் குறையக் குறைய, வீட்டு வாசலிலேயே பனி உள்ளவனுக்கும் மற்றவர்களுக்கும் இடையே உள்ள தூரம் கூடவே செய்யும்.

ஆனாலும் தாமதமாகத் தொடங்கித் தேறியவர்கள் இருக்கிறார்கள். கணக்கு அதற்கு இடம் தருகிறது. உலக வீரனாக வேண்டியதில்லை. அவனைவிடக் கதவுக்கு ஒரு கண் இமைப்பு பின்தங்கலாம். ஒரே நாளில் இரண்டு ஓட்டம் உண்டு. ஒன்றில் எல்லைக்குள் வந்தால் போதும். எல்லை 59.00 என்று பலகையில் எழுதியிருக்கையில் 59.01 எடுத்தவர், பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு, அடுத்த தேர்வு எந்த ஊரில், என்றைக்கு என்று விசாரிக்கப் போகிறார்.