டிரம்பெட்டிலிருந்து கிட்டாருக்கு

பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசித்தவர்கள் பிராங்பேர்ட்டில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்ததும் முதலில் யோசிப்பது, இதை எங்கே ஊதுவது என்பதைத்தான். வீட்டில் டிரம்பெட் வாசித்த ஒருவர் மீது பக்கத்து வீட்டார் தொடுத்த வழக்கில், ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. வாசிப்பதை முழுதாகத் தடுக்க முடியாது. வேலை நாட்களில் 2 முதல் 3 மணி நேரம், ஞாயிறிலும் விடுமுறையிலும் 1 முதல் 2 மணி நேரம் என்பது உத்தேச அளவு. நியாயமான தீர்ப்பு. ஆனாலும் இரவு 10 மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும். வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு நிமிர்ந்தால் நமக்கு மிஞ்சுவது அந்த நேரம்தான். நைலான் கம்பி போட்ட கிட்டாரை விரல் நுனியால் மெல்ல மீட்டினால் அடுத்த அறையில் தூங்கும் குழந்தைகூட விழிக்காது. நான் கிட்டார் எடுத்ததற்கு அதுவே காரணம்.

இந்த ஊரில் பிறந்த ஜாஸ் கலைஞர் ஆல்பர்ட் மாங்கெல்ஸ்டோர்ஃப் (1928–2005) இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர். முதலில் கிட்டார் வாசித்தார், பிறகு டிராம்போனுக்கு மாறினார். ஒரு சுரத்தை ஊதிக்கொண்டே இன்னொன்றைக் குரலில் பாடி, ஒற்றைக் குழலிலிருந்து பல சுரங்களைச் சேர்ந்தாற்போல் எழுப்பினார். கிட்டாரின் கார்டுகளை அவர் விரல்கள் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

ஒரே நேரத்தில் பல சுரங்கள் என்பதில்தான் நமக்குத் தடுமாற்றம். ஊதுகருவிக்காரருக்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பழக்கம். கிட்டாரைக் கையில் எடுத்ததும் ஒரே கம்பியில் மெட்டைத் தேடத் தொடங்கிவிடுவோம். அதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ஈ மைனர், ஜி, சி, டி என்று நான்கு கார்டுகளைப் பிடித்து, மெட்டை வாயால் பாடுங்கள். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வுக்காகவே கிட்டார் வாங்கும் தமிழர்கள் உண்டு, அதன் விரல் ஓட்டத்துக்கு வலது கை பக்குவப்படும்வரை பொறுத்திருப்பது நல்லது.

வலது கைக்கு நம் பேண்ட் நிறையவே கொடுத்திருக்கிறது. சுதந்திர தின அணிவகுப்பில் பேஸ் டிரம்முக்குக் கால் வைத்துப் பழகியவருக்குத் தாளம் உடம்பிலேயே இருக்கிறது. கம்பியைத் தொடாத இடத்திலும் கை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கட்டும். நின்றால் தாளம் அறுந்துவிடும். டிரம்பெட்டில் மூச்சு உள்ளவரை சுரத்தை நீட்டலாம். கிட்டாரில் மீட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும், அடுத்த மீட்டலுக்குக் கை தயாராக வேண்டும். ஆனால் மூச்சு வாங்கும் இடம் தெரிந்தவர்கள் நாம். பாட்டின் அடி முடியுமிடத்தில் மீட்டலைச் சற்றே தணித்துப் பாருங்கள், பாட்டு உடனே நிமிரும்.

பழைய பேண்ட் நோட்டு கையில் இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். வழக்கமான பி பிளாட் டிரம்பெட்டுக்கு ‘சி’ என்று எழுதியிருப்பது கிட்டாரில் பி பிளாட். ஜெர்மன் ஆசிரியரோ அந்தச் சுரத்தை ‘பி’ என்பார்; நம்முடைய ‘பி’ அவருக்கு ‘ஹா’.

இடது விரல் நுனிகள் முதலில் வலிக்கும். தினம் கால் மணி நேரம் போதும். வாரக் கடைசியில் மொத்தமாக வாசித்தால் வலிதான் மிச்சம். எஃப் கார்ட் வசப்படவில்லை என்று கிட்டாரை மூலையில் வைத்தவர்கள் பலர். கீழே உள்ள மெல்லிய கம்பிகள் நான்கில் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு பாட்டைத் தொடருங்கள்.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையின் காற்று மரத்தை உலர்த்தி வெடிக்க வைக்கும். கிட்டாரை ஹீட்டரிலிருந்து தள்ளி, பெட்டிக்குள் வையுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருப்பது நல்லது.

பேண்டில் வளர்ந்தவர்கள் தனியாக வாசித்தால் சீக்கிரம் சோர்ந்துபோவார்கள், எனக்கும் அப்படித்தான். பாடத் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடியுங்கள். அவர் குரல் உயர்ந்தால், கிட்டார் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை ஒவ்வொரு கட்டமாக மேலே நகர்த்துங்கள்; கட்டத்துக்கு அரைச் சுருதி ஏறும், நீங்கள் பிடிப்பது அதே நான்கு கார்டுகள்தான்.