ஒரே இடத்தில் சொட்டும் தண்ணீர்

கேள்வி: ஐயா, நான் பொகவந்தலாவையில் சொந்தமாக ஒரு பழைய டபள் கெப் வைத்து ஓட்டுகிறேன். கொழுந்து, மரக்கறி, பசளை என்று கிடைக்கிற ஹயர் எல்லாம் ஏற்றுவேன். கிழமைக்கு இரண்டு தடவையாவது கொழும்பு போய் வருவேன். போன மாதம் வண்டியை ஜாக்கில் ஏற்றிப் பார்த்தபோது, ஏசி தண்ணீர் வெளியே வரும் குழாய் நேரே சேசியின் மேல் சொட்டுவதைக் கண்டேன். அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கிளம்பி, துரு செதில் செதிலாக உதிர்கிறது. குழாயை வேறு பக்கம் திருப்பிவிடலாமா? கராஜ் பாஸ், "அது சுத்தத் தண்ணீர், ஒன்றும் ஆகாது, அடியில் பழைய ஒயிலை அடித்துவிட்டால் போதும்" என்கிறார். என் மனசு கேட்கவில்லை.

– வாசகர், பொகவந்தலாவை

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. குழாயைத் திருப்புங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை அது.

பாஸ் சொன்னதில் பாதி உண்மை. அது சுத்தமான தண்ணீர்தான். டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ந்த கொயிலில் கெபின் காற்று படும்போது, காற்றிலுள்ள ஈரம் பனித்துளி போலப் படிந்து, கீழுள்ள தட்டில் சேர்ந்து, குழாய் வழியாக வெளியே வருகிறது. அதில் உப்பு இல்லை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கரைவதால் இலேசான அமிலத்தன்மை மட்டும் இருக்கும். ஆனால் இரும்பு துருப்பிடிக்க உப்பு கட்டாயமில்லை. தண்ணீரும் ஒட்சிசனும் இருந்தால் போதும். உப்பு வேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான்.

மழையில் நனைகிற சேசி மழை விட்டதும் காய்ந்துவிடுகிறது. ஏசி தண்ணீர் அப்படி விடுவதில்லை. நாள் முழுக்க ஒரே புள்ளியில் சொட்டும். குளிர்ந்த தண்ணீர் என்பதால் அந்த இடத்து இரும்பையும் குளிரவைத்து, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தையும் அங்கேயே இழுத்துவிடும். அதன்மேல் தோட்டத்து ரோட்டுச் சேறு ஒட்டினால், ஈரத் துணியைக் கட்டிவைத்த மாதிரிதான். சின்னதாக ஒரு கல் பட்டுப் பெயின்ட் தெறித்திருந்தாலே போதும், உள்ளே போன துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்து, மிச்சப் பெயின்டையும் தூக்கிவிடும். நீங்கள் கண்ட செதில் அதுதான்.

"பொகவந்தலாவைக் குளிருக்கு ஏசி எதற்கு, தண்ணீர் எங்கிருந்து வரும்" என்று சிலர் கேட்பார்கள். வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியும். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில், ஈரச் சட்டையோடு நாலு பேர் ஏறினால் முன்கண்ணாடி உடனே மங்கிவிடும். அதைத் துடைக்க ஏசியைத்தான் போடுகிறோம். அப்புறம் கினிகத்தேனை இறங்கி, கித்துல்கல தாண்டி, அவிசாவளைப் பக்கம் புழுக்கத்துக்குள் போகும்போது ஏசி முழு வேகத்தில் ஓடும். அந்தக் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீர் வடிந்தாலும் ஆச்சரியமில்லை. இரவு திரும்பி வந்து பனிமூட்டத்தில் நிறுத்துகிறீர்கள். எப்போது காயும்?

இனி வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஏசியைக் கால் மணி நேரம் போட்டுவிட்டு அடியில் பாருங்கள். நம் நாட்டு வலதுபக்க ஸ்டியரிங் வண்டிகளில் பெரும்பாலும் இடது பக்கத்தில், எஞ்சினுக்கும் கெபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில் ஒரு சின்ன றப்பர் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயை அளந்து, அதற்கு இறுக்கமாகப் பொருந்தும் றப்பர் ஹோஸ் ஒரு துண்டு வாங்குங்கள். றப்பராக இருப்பது நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் குழாய் எஞ்சின் சூட்டில் தொய்ந்துவிடும்.

இந்தத் தொய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நானே பட்டிருக்கிறேன். தொழில் பழகிய காலத்தில் இதே வேலையை ஒரு வண்டிக்குச் செய்தேன். ஹோஸ் கொஞ்சம் நீளமாகிவிட்டது, நடுவில் தொங்கியது. வெட்டாமல் விட்டுவிட்டேன். அந்தத் தொங்கலில் தண்ணீர் நின்று, பாசியும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. ஒரு மாதம் கழித்து வண்டிக்காரர் வந்து, இறக்கத்தில் பிரேக் போட்டால் இடது சீற்றின் காலடிக்குத் தண்ணீர் வருகிறது என்றார். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் குளம், அதற்கும் கீழே கெபின் தரைத்தகடு துரு. சேசியைக் காப்பாற்றப் போய்த் தரையைக் கெடுத்திருந்தேன். அன்றிலிருந்து ஹோஸை வெட்டும்போது கையில் பிடித்து முழு நீளமும் பார்ப்பேன். தொடக்கம் முதல் முனை வரை அது கீழ்நோக்கியே போக வேண்டும், ஓர் இடத்திலும் மேலே ஏறக் கூடாது. நம் ரோடுகளில் வண்டி எப்போதும் ஏதாவது ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கிறது என்பதால் சரிவைத் தாராளமாகவே கொடுங்கள்.

முனை சேசியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்தால் போதும். அதற்கும் கீழே விட்டால் தோட்டத்து ரோட்டுக் கல் பிடுங்கிவிடும். முனையைச் சரிவாக வெட்டிப் பின்பக்கம் பார்க்க வையுங்கள். முன்பக்கம் பார்த்தால் சேற்றைத்தான் வாங்கும். சைலன்சர் குழாய், பிரேக் ஹோஸ், புரொப்பலர் ஷாஃப்ட், ஸ்டியரிங் தண்டு எதன் பக்கத்திலும் போகக் கூடாது. பிரேக் டிஸ்க் மேலும் தண்ணீர் விழக் கூடாது. பிடிப்புக்கு றப்பர் வைத்த கிளிப் போடுங்கள். அதற்காகச் சேசியில் புதிதாகத் துளை போட்டுவிடாதீர்கள், துரு தொடங்க இன்னொரு வாசலாகிவிடும். ஏற்கனவே இருக்கிற போல்ட்டில் மாட்டலாம். வண்டி நாள்கணக்கில் நிற்குமானால் முனையைப் பாருங்கள், சேற்றுக் குளவி கூடு கட்டி அடைத்துவிடும்.

குழாய் திரும்பியது. பிடித்த துரு அப்படியேதான் இருக்கிறது. சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். ஸ்குரூட்ரைவர் முனையை அழுத்தினால் உள்ளே போகிறதென்றால், தயவுசெய்து பாரம் ஏற்றுவதை அன்றே நிறுத்துங்கள். மேலே ஒரு தகட்டை வைத்து ஒட்டிக்கொண்டு ஹற்றன் வளைவுகளில் இறங்குவது உங்கள் உயிரோடு மட்டும் போகிற விஷயமல்ல. சேசி வெல்டிங் தெரிந்தவரிடம் அழுகிய பகுதியை வெட்டி எடுத்துச் செய்ய வேண்டும். அது மேலோட்டத் துரு மட்டும்தான் என்றால், வயர் பிரஷால் உதிரும் துரு எல்லாம் போகும் வரை தேய்த்து, துரு மாற்றி பூசி, காய்ந்ததும் பிரைமர், அதன்மேல் சேசி கறுப்பு. துரு மாற்றிகள் பலவற்றில் இருப்பது தனின் அமிலம், துருவோடு சேர்ந்து கறுத்து இறுகும். தேயிலைச் சாயம் இரும்பில் பட்டுக் கறுப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதல்ல. தேய்க்கும்போது சேசி இலக்கம் பொறித்த இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த எழுத்து அழிந்தால் நாளைக்கு வண்டியை விற்க நிற்கும்போது பெரும் தொல்லை.

பழைய ஒயில் வேண்டவே வேண்டாம். அது புஷ்களையும் றப்பர்களையும் ஊதவைக்கும், தூசியை இழுத்துப் பிடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் மழையோடு வழிகிற ஒயில் கெஹெல்கமு ஓயாவுக்குப் போகிறது. அது காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, கீழே மஸ்கெலி ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிறது. கொழும்பு குடிக்கிற தண்ணீர் அது. கடையில் கிடைக்கும் மெழுகுப் பூச்சு விலை கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. பசளை ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் பற்றித்தான் அதிகக் கவலை. குளிர்நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்புப் போடுவார்கள், சேசியைத் தின்பது அதுதான். அமெரிக்காவில் டக்கோமா, டுன்ட்ரா, செக்கோயா வாகனங்களின் சேசித் துரு வழக்கில், சுமார் 15 இலட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டொலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு டொயோட்டா 2016இல் இணங்கியது. நம் மலையில் சாலை உப்பு இல்லை. ஆனால் பசளையில் வரும் பொட்டாஷ் ஒரு குளோரைட் உப்பு, அமோனியம் சல்பேற்றும் இரும்புக்கு ஆகாதது. மூட்டையிலிருந்து சிந்தும் தூள் பெட்டியின் இடுக்கு வழியாகச் சேசியின் மேல் விழுந்து, அதன் துளைகளுக்குள்ளும் போய்விடும். பசளை ஏற்றிய அன்று மாலையே பெட்டியை மட்டுமல்ல, சேசியின் மேல்புறத்தையும் உள்துளைகளையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மூட்டைக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரித்தால் இன்னும் நல்லது. ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்ததென்றால், அங்கத்திய பனிச் சாலை உப்பை அது ஏற்கனவே தின்றிருக்கவும் கூடும். ஆகவே முழுச் சேசியையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இன்றைக்குள்ள விலையில் இன்னொரு கெப் வாங்குவது எளிதல்ல, கையிலிருப்பதைக் காப்பாற்றுவோம்.

ஹோஸ் மாட்டிய பிறகு அடுத்த கொழும்பு ஹயரில், தேநீருக்காகக் கித்துல்கலயில் நிறுத்தும்போது குனிந்து பாருங்கள். ஏசி ஓடி வந்த வண்டியின் கீழே, நீங்கள் வைத்த முனைக்கு நேராகத் தரையில் ஈரம் இருக்க வேண்டும். சேசி உலர்ந்திருக்க வேண்டும். தரையில் ஈரமே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். இடது சீற்றுக் காலடியில் கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்கள்.