கையறுநிலையும் விடைபெறு பாட்டும்

மறைந்தாரை எண்ணி இருப்பவர் வருந்திப் பாடுவது கையறுநிலை. தொல்காப்பியர் இதனைப் புறத்திணையியலில் குறிக்கின்றார். பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் பாடியதும், அதியமானை இழந்து ஔவையார் பாடியதும் மாணவர் நன்கறிந்தவை. இப்பாடல்கள் அனைத்திற்கும் பொதுவானதோர் அமைதி உண்டு. பாடுவோர் உயிரோடிருப்பவர், பாடப்படுவோர் மறைந்தவர். இவ்வமைதி மாறி, மறைந்தவரே பாட இருப்பவர் உடன்பாடினால் அப்பாட்டினை எவ்வகையுள் அடக்குவது? சில ஆண்டுகளுக்கு முன்வரை இது வீண்வினாவாகவே இருந்திருக்கும். இன்று அவ்வாறன்று.

இவ்வினா எங்கள் வீட்டிலும் எழுந்தது. எங்கள் ஆலங்குளத்தை வெளியூரார் சிமெண்டு ஆலையால் அறிவர். அவ்வாலையில் வேலை கிட்டாதவர் சிவகாசிக்கோ கடல் கடந்தோ சென்றனர். என் அத்தா வளைகுடா நாடு சென்றார். 1980களின் பிற்பகுதியில் அங்கிருந்தோர் பலர் கடிதத்திற்கு மாற்றாக ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊர் வருவோர் கையில் கொடுத்தனுப்புவர். அத்தா அனுப்பியவற்றுள் ஒன்றே எஞ்சியுள்ளது. அதில் அவர் குரலினும் அறையின் மின்விசிறி ஓசையே மிகுதி. அத்தா மறைந்து ஆண்டுகள் பல ஆயின. கணிப்பொறி பயிலும் மாணவர் ஒருவர் இதனைக் கேட்டுவிட்டு, விசிறி ஓசையை நீக்கித் தரலாம் என்றார். பின்னர்ச் சற்றுத் தயங்கி, “ஐயா, நீங்கள் எழுதித் தருவதை உங்கள் அத்தா குரலிலேயே பேசவும் வைக்கலாம்” என்றார். இவ்விரண்டு செயல்களுக்கும் இடையே உள்ள தொலைவினை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்செயலுக்குச் சிறந்த சான்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் தோன்றிய பீட்டில்ஸ் என்னும் ராக் இசைக்குழுவின் இறுதிப் பாட்டாகும். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் 1970இல் பிரிந்தனர். லெனன் 1970களின் பிற்பகுதியில், நியூயார்க்கில் தம் இல்லத்துப் பியானோவின் முன் அமர்ந்து, எளியதொரு ஒலிநாடாக் கருவியில் ஒரு பாட்டைப் பதிந்து வைத்தார். ‘அவ்வப்போது’ எனப் பொருள்படும் ‘நவ் அண்ட் தென்’ என்பது அதன் பெயர். 1980 டிசம்பர் 8 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் அவர் மனைவி யோகோ ஓனோ அந்நாடாக்களை மெக்கார்ட்னியிடம் அளித்தார்.

எஞ்சிய மூவரும் கூடி, அவற்றிலிருந்த வேறிரு பாடல்களை நிறைவு செய்து 1995, 1996 ஆண்டுகளில் வெளியிட்டனர். இப்பாட்டு மட்டும் அவர்கள் கைக்கு வசப்படவில்லை. நாடாவில் இடையறாத இரைச்சல் இருந்தது; பியானோவின் ஒலி குரலை மூடிற்று; ஒன்றை உயர்த்தினால் மற்றதும் உயர்ந்தது. முயற்சியைக் கைவிட்டனர். 2001 நவம்பரில் ஹாரிசனும் மறைந்தார்.

திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இக்குழுவைப் பற்றி 2021இல் ஓர் ஆவணப்படம் வெளியிட்டார். ஒன்றோடொன்று கலந்து பதிவான பேச்சையும் இசையையும் தனித்தனியே பிரித்தறியுமாறு கணிப்பொறிக்குப் பயிற்சியளிக்கும் முறையை அவர் குழுவினர் அப்படத்திற்காக வகுத்திருந்தனர். அதே முறையால் லெனனின் குரல் பியானோவினின்றும் இரைச்சலினின்றும் பிரிந்து வெளிப்பட்டது. பின்னர் நிகழ்ந்தவை வழக்கமான இசைப்பணிகளே. மெக்கார்ட்னி பேஸ் கிதார் வாசித்தார்; ஸ்டார் முழவிசை சேர்த்தார்; 1995இல் ஹாரிசன் வாசித்து விட்டுச்சென்ற கிதார் ஒலியும் இடம்பெற்றது. இடையில் வரும் தனிக் கிதார் பகுதியை ஹாரிசனின் பாணியில் மெக்கார்ட்னி வாசித்தார். நண்பரை அவர் நினைவுகூர்ந்த முறை அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வயலின் முதலிய நரம்பிசை பதிவாயிற்று.

2023 நவம்பர் 2 அன்று பாட்டு வெளியாயிற்று. இசைத்தட்டின் மறுபக்கத்தில் 1962இல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஒற்றைப் பாட்டையே வைத்தனர். முதலும் முடிவும் ஒரே தட்டில் அமைந்தன. சில நாட்களிலேயே அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1969க்குப்பின் அவர்களுக்கு அங்கு அவ்விடம் கிட்டியது அதுவே முதன்முறை. 2025இல் கிராமி விருதும் கிடைத்தது. செயற்கைக் குரல் என்றொரு பேச்சு வெளியீட்டுக்கு முன்பே பரவியதால், குரலில் எதுவும் புதிதாக ஆக்கப்படவில்லை என மெக்கார்ட்னி விளக்க நேர்ந்தது. அவ்விளக்கமே நமக்கு முதன்மையானது. பாடியவர் லெனன், பிறர் செய்தது அவர் குரல்மேல் படிந்த மாசினை அகற்றியது மட்டுமே.

புறநானூற்றில் பொத்தியார், நடுகல்லாகிவிட்ட கோப்பெருஞ்சோழனிடம் தமக்கும் ஓரிடம் வேண்டுகிறார். கல்லான பின்னும் அவன் இடமளித்தான் என்கிறார். அங்கு மறைந்தவர் இருப்பவர்க்கு இடமளித்தார். இங்கோ இருப்பவர் இருவர் மறைந்தவர் இருவர்க்குத் தம்முடன் இடமளித்துள்ளனர்.

இரண்டாம் செயலுக்குச் சான்று தமிழகத்திலேயே உண்டு. 2024 பிப்ரவரியில் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாட்டில் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகிய இருவரின் குரல்களும் ஒலிக்கின்றன. முன்னவர் சாலை விபத்தில் இறந்தவர். பின்னவர் 2022 செப்டம்பரில் மறைந்தவர். இருவரும் இப்பாட்டைப் பாடியவரல்லர். ஒருவருடைய பழைய பதிவுகளைக் கணிப்பொறிக்குப் பயிற்றுவித்து, வேறொருவர் பாடுவதை அவர் குரலாக மாற்றுவது இம்முறையின் பொது இயல்பு. இசையமைத்தவர் ஏ. ஆர். ரகுமான், இளமையில் சென்னையில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்னும் ராக் குழுவை நடத்தியவர். இரு குடும்பத்தாரின் இசைவையும் பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். அச்செயல் பாராட்டத்தக்கது.

ஆயினும் எனக்கொரு குறை உண்டு. ‘திருடா திருடா’ படத்தில் 1993இல் சாகுல் ஹமீது பாடிய பாட்டுக்கு இசைக்கருவிகளே இல்லை. மனிதக் குரல்களே துணை. எவ்விடத்தில் குரலை நீட்டுவது, எவ்விடத்தில் தழுதழுப்பது என்பதை அவரே முடிவு செய்ததை அதில் உணரலாம். 2024ஆம் ஆண்டுப் பாட்டில் அவர் குரலின் நிறம் இருக்கிறது. அவர் எடுத்த முடிவு ஒன்றேனும் இல்லை. உமறுப்புலவர் முற்றுவிக்காது விட்ட சீறாவைத் தொடர்ந்தவர் பனீ அகமது மரைக்காயர். அவர் அதனைச் சின்னச் சீறா என்னும் தனிப்பெயரோடு தம் நூலாகவே தந்தார். உமறுவின் வாயில் தம் சொல்லை இடவில்லை. இவ்வொழுக்கத்தை நம் இலக்கிய மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எஸ். பி. பாலசுப்பிரமணியம் ‘அண்ணாத்த’ படத்திற்குப் பாடியது இவ்விரண்டினும் வேறானது. உயிரோடிருந்தபோது அவரே பாடினார். 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்தார். பாட்டு 2021 அக்டோபரில் வெளியாயிற்று. விடைபெறும் பாட்டென அறியாமலே பாடியது. மாறாக, 2023இல் வெளிவந்த தெலுங்குப் படமொன்றில் அவர் குரலை இசைவின்றிச் செயற்கையாக ஆக்கினர் எனக் குடும்பத்தார் சட்ட அறிவிப்பு அனுப்பிய செய்தியும் உண்டு.

சட்டம் இதில் பின்தங்கியே வருகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகர் முதலிய நிகழ்த்துவோர்க்கு 1994ஆம் ஆண்டுத் திருத்தமே உரிமை வழங்கிற்று. 1999இல் அதன் காலம் 50 ஆண்டாக உயர்ந்தது. அது நிகழ்த்திய பாட்டுக்கு உரியது. நிகழ்த்தாத பாட்டில் ஒலிக்கும் குரலைப் பற்றி அதில் தெளிவில்லை. பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் அவர் குரலைப் போலியாக ஆக்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அவர் வாழ்பவர்; வழக்குத் தொடுக்க அவரால் இயலும்.

மாணவரிடம் விசிறி ஓசையை மட்டும் நீக்கித் தரச் சொன்னேன். மறுவாரம் அம்மாவுடன் அமர்ந்து கேட்டோம். வீட்டுத் தளம் போடுவது பற்றியும் என் படிப்பைப் பற்றியும் அத்தா பேசுபவை முன்னரே கேட்டவை. முடிவில், இதுவரை ஓசைக்குள் புதைந்திருந்த ஒரு வாக்கியம் தெளிவாக ஒலித்தது: “இந்த நாடாவோட அடுத்த பக்கத்துல நீங்க எல்லாரும் பேசி, வர்றவங்ககிட்ட குடுத்து விடுங்க.” முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்களுக்கு அது கேட்டதில்லை. மறுபக்கம் இன்றும் வெறுமையாகவே உள்ளது.