மூன்றில் எது நனைந்திருக்கிறது?

என்னிடம் இருப்பது 1994 மாடல் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. மூன்றில் ஒன்று படுத்துவிட்டால் ஸ்டியரிங் முதல் பின்சீட் வரை உதறும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியபோது அப்படித்தான் உதறத் தொடங்கியது. மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் கியரிலும் இழுவை இல்லை. ஓரங்கட்டி நிறுத்தினால் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது.

கார்பரேட்டர் ஓவர்ஃப்ளோ என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். மேலே ஏற ஏறக் காற்று மெலியும். கார்பரேட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைக்காது. கலவையில் பெட்ரோல் மிஞ்சிப்போகும். இது உண்மைதான். அந்த உண்மைதான் என்னைத் தவறான பக்கம் இழுத்துப்போனது. ஊர் திரும்பி ஃப்ளோட், நீடில் வால்வு, கேஸ்கெட் எல்லாம் மாற்றினேன். வெயிலில் நன்றாக ஓடியது. அடுத்த மழையில் மறுபடி அதே உதறல், அதே வாடை.

கடைசியில் பொள்ளாச்சியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கார்பரேட்டரைத் தொடவே இல்லை. மூன்று பிளக்குகளையும் கழற்றி, எது எந்த சிலிண்டருடையது என்பது மாறாமல் செய்தித்தாளில் வரிசையாக வைத்தார்.

"பாருங்க சார், ரெண்டு காஞ்சிருக்கு, மூணாவது மட்டும் நனைஞ்சிருக்கு. கார்பரேட்டர் மூணுக்கும் ஒண்ணுதானே?"

நான் கேட்கத் தவறிய கேள்வி அது. மூன்றும் நனைந்திருந்தால் சோக் ஒட்டிக்கொண்டதா, நீடில் வால்வு மூடுகிறதா என்று பார்க்கலாம். மூன்றுக்கும் பொதுவான காயிலும் ரோட்டாரும்கூட அந்தச் சந்தேகத்தில் சேரும். ஒன்று மட்டும் நனைந்தால், பெரும்பாலும் அந்த சிலிண்டருக்குத் தீப்பொறி போகவில்லை. வந்த பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்துவிட்டு சைலன்சர் வழியே போகிறது. வாடை பெட்ரோலுடையது, கோளாறு கரண்டில்.

மூன்றாவது பிளக்கை முதலாவதோடு மாற்றிப் போட்டார். அப்போதும் மூன்றாவது சிலிண்டர்தான் நனைந்தது. வயரை மாற்றியும் அதே கதை. மிச்சம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப். பிளக்குகளை மாட்டி, எங்கும் பெட்ரோல் கசியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இருட்டியதும் பானெட்டைத் திறந்தபடி இன்ஜினை ஓடவிட்டு, கேப்பின் மேல் லேசாகத் தண்ணீரைத் தெளித்தார். நீல நூல் ஒன்று கேப்பின் மேல் ஊர்ந்தது! கழற்றிப் பார்த்தபோது மூன்றாம் முனையிலிருந்து பென்சிலால் கிழித்ததுபோல ஒரு கீறல், கரி படிந்து. வெயிலில் பிளக்குக்குப் போகும் கரண்ட், ஈரம் பட்டதும் கீறல் வழியே பாடிக்கு இறங்கிவிடுகிறது. இதை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஓடும் இன்ஜினில் வயர்களைக் கையால் தொடவே கூடாது. பிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பொறி வருகிறதா என்று பார்ப்பவர்கள், பெட்ரோல் ஆவி வரும் சிலிண்டர் துளையருகே அதைப் பிடிக்கக் கூடாது. தீ பிடிப்பது அப்படித்தான்.

புது கேப் போட்டதும் கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி என் மூக்கருகே நீட்டினார். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. பெட்ரோல் வாடை அடித்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலைத் தண்ணீராக்கியிருந்தது. அந்த ஆயிலோடு மூன்று வாரம் ஓட்டியிருக்கிறேன். பேரிங்குகள் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. பெட்ரோல் மிஞ்சிய வண்டியில் கோளாறு தீர்ந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

வழியில் நின்றுபோனால் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடாதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் கார்பரேட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலைப் பீய்ச்சும். சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, பெடலை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஐந்தாறு நொடி செல்ஃப் அடியுங்கள். காற்று புகுந்து காய வைக்கும். பற்றவில்லையென்றால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி அடியுங்கள்.

500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மூன்று பிளக்கையும் கழற்றினேன். முதல் இரண்டும் பிஸ்கட் நிறம். மூன்றாவது இன்னும் கொஞ்சம் கருப்பு. இந்த வாரம் கம்ப்ரெஷன் பார்க்கப் போகிறோம்.