அட்டை இருக்கிறது, இணையம் இல்லை

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவடைந்தது. தேக்காவில் பஃபலோ சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் மாமாவின் மடிக்கணினி, விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. "லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும், மாமா" என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான். பொங்கலுக்கு இரண்டு வாரம் இருந்தபோது, விடுதித் தோழி தந்த தம்ப் டிரைவிலிருந்து டெபியன் 11ஐ நிறுவினேன். திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் வேலை செய்தன. வைஃபை மட்டும் இல்லை.

பானைக்கும் கரும்புக்கும் மின்னஞ்சலில் ஆர்டர் வரும் நேரம் அது. கைத்தொலைபேசியில் மின்னஞ்சல் பார்த்து மாமாவுக்குப் பழக்கமில்லை. "என்னம்மா, ஓடிக்கிட்டு இருந்ததையும் கெடுத்துட்டியா?" என்றார்.

இப்படிப்பட்ட நேரத்தில் கண்ணில் படும் கட்டளைகளையெல்லாம் தட்டிப் பார்ப்போம். நானும் ஒரு மணி நேரம் அதைத்தான் செய்தேன். முதலில் அட்டையிடமே ‘நீ யார்?’ என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு ‘எல்எஸ்பிசிஐ’ என்றொரு கட்டளை உண்டு. உரிய விருப்பத்தேர்வைச் சேர்த்தால், ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டு எண்களைக் காட்டும்: ஒன்று தயாரிப்பாளருக்கு, மற்றது சாதன வகைக்கு. (இன்டெலின் எண் 8086. 1978இல் அது வெளியிட்ட செயலியின் பெயரும் அதுவே!) மடிக்கணினியின் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். ஒரே பெயருள்ள இரு மடிக்கணினிகளில் வெவ்வேறு அட்டைகள் இருப்பதுண்டு.

என் அட்டை பட்டியலில் இருந்தது. அதற்குரிய இயக்கியும் இருந்தது. கெர்னலின் பதிவுகளைப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது: நிலைபொருள் கோப்பு கிடைக்கவில்லை.

வைஃபை அட்டை தானே ஒரு சிறு கணினி. அதற்குள் ஓடும் நிரலே நிலைபொருள், அதாவது ஃபெர்ம்வேர். பல அட்டைகள் அதை நிலையாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் இயக்கிதான் வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். அதன் மூல நிரல் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. அதனால் டெபியன் 11 வரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் அது இடம்பெறவில்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பின்னர், 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் சேர்ந்தது. நிறுவும்போதே அந்தக் கோப்பைக் கேட்டிருந்தது. நான்தான் படிக்காமல் ‘இல்லை’ என்று அழுத்தியிருக்கிறேன்.

முன்பு இதைவிடக் கடினம். பிராட்காம் சில்லுகளுக்காக, ஒரு குழு ஏற்கெனவே இருந்த இயக்கியை ஆராய்ந்து அவற்றின் இயல்பை எழுதிவைக்க, இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் கொண்டு லினக்ஸ் இயக்கி எழுதியது. அது 2006இல் கெர்னலில் சேர்ந்தது. பிராட்காம் தன் திறமூல இயக்கியை வெளியிட்டது 2010 செப்டம்பரில். அவ்வளவு உழைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு மணி நேரத்துக்கே அலுத்துக்கொண்டேன்.

சரி, கோப்பை எடுக்க இணையம் வேண்டும்; இணையத்துக்குக் கோப்பு வேண்டும். மடிக்கணினியில் கம்பி இணைப்புக்கான துளையும் இல்லை. என் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து ‘டெதரிங்’கை இயக்கினேன். உடனே இணையம் வந்தது. தொகுப்புப் பட்டியலில் கட்டற்றவை அல்லாத பிரிவைச் சேர்த்து, அட்டைக்குரிய நிலைபொருளை நிறுவி, மறுபடி தொடங்கினேன். கடையின் வைஃபை பெயர் திரையில் தெரிந்தது. மாமா ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மின்னஞ்சலைத் திறந்தார்.

டெபியன் 11இன் நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்டு வரை மட்டுமே. எனவே பொங்கல் கழிந்ததும் 13ஆம் பதிப்பைப் புதிதாக நிறுவினேன். இந்த முறை அது கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் படித்தேன்.