யெஞ்சிங் கலாசாலை தந்த பத்திரிகையாளர்

பத்திரிகைத் தொழிலைக் கலாசாலையிற் கற்பிக்க இயலுமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. பாட்டியற்றுவோனுக்கு யாப்பிலக்கணமும், வழக்குரைப்போனுக்குச் சட்டநூலும், நோய் தீர்ப்போனுக்கு உடற்கூற்று நூலும் உள. செய்தி எழுதுவோனுக்கு யாது உளது? கண்ணும் காதும் களைப்பறியாக் காலும் இருந்தாற் போதாதோ என்பாருமுளர். அவர் கூற்று முற்றும் நியாயமற்றதன்று. 1878-ஆம் ஆண்டிற் சென்னையில் 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கிய அறுவரில் இருவர் பள்ளியாசிரியர். ஏனை நால்வரும் சட்டம் பயின்ற மாணவர். அவ்வாசிரியருள் ஒருவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882-இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் நிறுவினார். இத்தொழிலுக்கெனப் பட்டம் பெற்றவர் இவருள் ஒருவருமில்லை. இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. பத்திரிகைத் தொழிற்கெனத் தனிக் கலாசாலை கண்டவர்களில் முதல்வராகப் போற்றப்படும் வால்ட்டர் வில்லியம்ஸ் என்பவர் தாமே ஒரு சர்வகலாசாலையிலும் பயின்றவரல்லர். அச்சுக்கூடத்தில் எடுபிடிப் பையனாய்ச் சேர்ந்து பத்திராசிரியராய் உயர்ந்தவர் அவர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிஸௌரி சர்வகலாசாலையில் அவர் தலைமையில் 1908-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் அக்கலாசாலை திறக்கப்பட்டது. திறந்த அன்றே மாணவர் தம் பத்திரிகையின் முதலிதழையும் வெளியிட்டனர் என்பது கருதத்தக்கது. முதற்பாடம் புத்தகத்தினின்று தொடங்கவில்லை, அச்சுப்பொறியினின்று தொடங்கிற்று.

ஆயினும் ஒரு கலாசாலையின் பயனை அதன் நிறுவுநரைக் கொண்டு அளத்தலினும் அதன் மாணவரைக் கொண்டு அளத்தலே முறையாம். அவ்வாறு அளப்பதற்கு மிஸௌரியை விட்டு, அதன் துணையால் சீன தேசத்தில் தழைத்த ஒரு கிளையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றேன். அஃது ஒரு மிஷன் கலாசாலையைச் சார்ந்திருந்தது என்பது ஒரு காரணம். அதிற் பயின்றோர் சிலரது வாழ்வு, 'சாதனை' என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளையே ஐயுறச் செய்கின்றது என்பது மற்றொன்று.

பீக்கிங் நகரத்தில் பற்பல மிஷன் சங்கத்தார் தனித்தனியே நடத்திவந்த கலாசாலைகள் ஒன்றுகூடி உருவானதே யெஞ்சிங் சர்வகலாசாலை. 1919-இல் அதன் தலைமை ஏற்ற லெய்ட்டன் ஸ்டூவர்ட் என்பார், மிஷனெரிப் பெற்றோர்க்குச் சீன தேசத்திலேயே பிறந்து அந்நாட்டு மொழியைத் தாய்மொழிபோற் பேசியவர். நகரின் வடமேற்கே ஏரியும் குன்றும் சூழ்ந்த பழைய தோட்டங்களில், சீன முறைக் கூரை வேய்ந்த மாளிகைகள் எழுந்தன. 1926-இல் கலாசாலை அங்குக் குடிபெயர்ந்தது. உண்மை, விடுதலை, தொண்டு என்னும் மூன்றையும் இணைத்து அமைந்தது அதன் கொள்கை மொழி. யோவான் சுவிசேஷத்தை அறிந்தோர்க்கு அதன் ஊற்று எதுவென விளங்கும்.

அங்கே 1924-இல் பத்திரிகைத் துறை தொடங்கிற்று. பொருள் முட்டினால் சில ஆண்டுகளிலேயே நின்றும் போயிற்று. பின்னர் 1929-இல் மிஸௌரியின் உறவும் அமெரிக்கப் பத்திராதிபர் சிலரது நன்கொடையும் கிட்டவே, மிஸௌரியிற் பயின்ற வெர்னன் நாஷ் என்பாரது முயற்சியால் அது மீண்டும் உயிர்த்தது. மாணவர் தாமே செய்தி திரட்டித் தாமே செப்பஞ்செய்து பத்திரிகை வெளியிட்டனர். வரலாறும் பொருளியலும் அயல்மொழியும் இன்றி இத்துறை மாணவன் பட்டம் பெற இயலாது. இதனை நான் சிறப்பாகக் குறிப்பதற்குக் காரணமுண்டு. செய்தி எழுதும் விதிகளை ஓரிரு திங்களிற் கற்றுவிடலாம். எழுதப்படும் பொருளை அறிதற்கு அன்றோ ஆண்டுகள் வேண்டும்!

இத்துறையில் 1935-ஆம் ஆண்டில் தேறி வெளிவந்தவர் ஷியாவ் சியென். இவர் 1910-இல் பீக்கிங் நகரில் மங்கோலிய மரபைச் சேர்ந்த ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். பிறக்குமுன்னே தந்தையார் இறந்தார். இளமையிலேயே தாயாரும் மறைந்தார். பிரெஸ்பிட்டேரியன் மிஷன் பள்ளியொன்றிற் சேர்ந்து, சம்பளத்துக்கு ஈடாகக் கம்பளம் நெய்தும் பாற்பண்ணையில் உழைத்தும் கல்வி கற்றார். அப்பள்ளியைக் குறித்து அவர் பிற்காலத்து எழுதியன யாவும் இனிய நினைவுகளல்ல. வயிற்றுக்கு உணவளிப்போர் அதற்கு விலையாக வழிபாட்டைக் கேட்டனர் என்பது அவர் உள்ளத்தில் ஆறாப் புண்ணாயிருந்தது. தம் சிறுகதைகள் சிலவற்றில் இக்கட்டாயத்தைக் கடுமையாகச் சாடியுமிருக்கின்றார். நம்போன்ற கலாசாலையிற் பயில்வோர் இதனை மறைத்துவிட்டு அவர் பெருமையை மாத்திரம் பேசுதல் நேர்மையன்று. தம்மை வளர்த்த நிறுவனத்தைப் பற்றியும் கண்டதைக் கண்டவாறே சொல்லும் துணிவு அவர்க்கிருந்தது. அத்துணிவே பிறகு அவரைச் சிறந்த நிருபராக்கிற்று என்பது என் கருத்து.

பத்திரிகைத் துறையை அவர் நாடியது பத்திரிகைப் பற்றினால் மட்டுமன்று. கதை எழுதுவதே அவர் வேட்கை. உலகத்தைச் சுற்றிக் காணவும் அதற்குச் செலவும் கூலியும் பெறவும் ஏற்ற தொழில் வேறில்லையெனக் கண்டு இதனைத் தேர்ந்தார். 1934-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோ யெஞ்சிங்கில் விரிவுரையாற்ற வந்தார். (இவரும் மிஸௌரியிற் சில காலம் பயின்று பட்டம் பெறாமலே வெளியேறியவர். பட்டமில்லாதோர் பட்டதாரிகளை உருவாக்கும் விந்தை இத்துறையில் மிகுதி போலும்!) சீன எழுத்தாளரின் கதைகளை ஆங்கிலத்திற் பெயர்த்து ஸ்னோ தொகுத்த நூல் 1936-இல் வெளிவந்தது, அப்பணியில் அவர்க்குக் கைகொடுத்தோருள் மாணவராயிருந்த ஷியாவும் ஒருவர்.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே 'தா குங் பாவ்' என்னும் புகழ்பெற்ற நாளிதழில் அமர்ந்தார். இலக்கியப் பகுதியைக் கவனிப்பதே அவர்க்கிட்ட வேலை. ஆனால் அவ்வாண்டு ஷாண்டுங் மாகாணத்திற் பெருவெள்ளம் புகுந்து ஊர்களை அழித்தபோது, ஓவியர் ஒருவருடன் அவரை அங்கே அனுப்பினர். வீடிழந்து வழியெல்லாம் நிறைந்த மக்களை ஒருவர் வரைந்தார், மற்றவர் எழுதினார். பின்னர் 1939-இல் பர்மா ரஸ்தாவைக் காணச் சென்றார். சீனத்தின் துறைமுகங்களை ஜப்பானியர் கைப்பற்றிய பின், போர்த்தளவாடம் வருவதற்கு வேறு வழியின்றிக் குன்மிங் நகரினின்று பர்மாவின் லாஷியோ வரையில் ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர் தூரம் மலையைக் குடைந்து இட்ட பாதை அது. சீன எல்லைக்குள் அதனை அமைத்தோர் ஏறத்தாழ 2 இலட்சம் கிராமவாசிகள். ஆடவரிற் பெரும்பாலார் போர்முனைக்குப் போய்விட, கிழவரும் பெண்டிரும் சிறுவருமே மிகுதியாய் உழைத்தனர். எந்திரம் இல்லை, மண்வெட்டியும் கூடையும் கல்லுருளையுமே கருவி. அந்தப் பாதையின் பெருமையைப் புகழ்ந்தெழுதப் பலர் இருந்தனர். ஷியாவ் எழுதியதோ, அப்பாறைகளுக்கடியில் மடிந்தோரைப் பற்றி. நிருபருக்குரிய கண் யாது என்று கேட்போர்க்கு இதனினும் தெளிவான விடை நான் அறியேன்.

அவ்வாண்டின் இறுதியிலேயே லண்டன் சர்வகலாசாலையின் கீழ்த்திசைக் கல்விக்கூடத்திற் சீனமொழி கற்பிக்கும் பணி கிடைத்து இங்கிலாந்து சென்றார். ஜெர்மானிய விமானங்கள் இரவுதோறும் குண்டு பொழிந்த அந்நகரினின்று தம் பத்திரிகைக்கு எழுதிவந்தார். 1942-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்து ஆங்கில நாவல்களை ஆராயலானார். நம் நாட்டைக் களமாகக்கொண்டு நாவல் எழுதிய ஈ. எம். பார்ஸ்டர் அவர்க்கு நெருங்கிய நண்பரானார். இன்னும் சிறிது காலம் பொறுத்திருந்தாற் கேம்பிரிட்ஜ் பட்டம் கைக்கு வந்திருக்கும். 1944-இல் தா குங் பாவின் மேலாளர் ஐரோப்பியப் போர்க்களச் செய்திக்கு அவரை முழுநேரமும் வேண்டினார். ஷியாவ் பட்டத்தை விட்டார். பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த பிளீட் வீதியில் ஓரறை எடுத்தார். 1945-இல் அமெரிக்கரின் ஏழாம் படையோடு ரைன் நதி கடந்தார். ஐக்கிய நாடுகள் சபை உருவான சான் பிரான்ஸிஸ்கோ மாநாட்டிலும், பின்னர் போட்ஸ்டாமிலும், ஜெர்மானியத் தலைவர்கள் விசாரிக்கப்பட்ட நியூரம்பர்க்கிலும் இருந்து செய்தி எழுதினார். அப்போது அவர்க்கு வயது முப்பத்தைந்து.

அதே ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் டோக்கியோ வளைகுடாவில் ஜப்பான் சரணோலையில் கையெழுத்திட்டது. அங்கே போர்க்கப்பலின் மேற்றளத்தில் நின்ற சீன நிருபர் மூவர்: தா குங் பாவைச் சேர்ந்த ஜூ சீபிங்கும் லீ ஷியூஷியும், மத்தியச் செய்தி நிறுவனத்தின் ஸெங் என்போவும். மூவரும் யெஞ்சிங்கிற் பயின்றவர். கப்பலின் பெயரோ 'மிஸௌரி'! எந்த மாகாணத்தின் பெயரால் அமைந்த கலாசாலை அவர்தம் துறைக்கு உரமிட்டதோ, அதே பெயர் தாங்கிய கப்பலில் அவர்கள் குறிப்பேட்டுடன் நின்றனர். இது வெறும் தற்செயலே. ஆயினும் சொல்லாமற் போக மனமில்லை. ஜூ சீபிங் எழுதிய செய்தி இன்றும் சீனத்தில் நினைக்கப்படுகின்றது. கையெழுத்துகள் யாவும் முடிந்து தலைவர்கள் அகன்றபொழுது தம் கடிகாரத்தைப் பார்த்தாராம். மணி ஒன்பது, நிமிடம் பதினெட்டு. ஒன்பதாந் திங்கள் பதினெட்டாம் நாளன்றோ 1931-இல் ஜப்பானியர் மஞ்சூரியாவின்மேற் பாய்ந்தனர்! சீனர் அத்துயர நாளைத் திங்களும் தேதியும் சேர்த்து 'ஒன்பது-ஒன்று-எட்டு' என்றே வழங்குவர். அம்மூன்று எண்களும் கடிகார முகத்தில் வந்து நின்றதை அவர் கண்டார், கண்டதை எழுதினார். தளபதியரின் சொற்பொழிவைக் காட்டிலும் அவ்வொரு குறிப்பே அந்நாட்டு மக்கள் நெஞ்சில் தைத்தது. அதற்கு அலங்காரச் சொல் ஒன்றும் தேவைப்படவில்லை.

இத்துணைப் புகழ் பெற்றவர் பின்னர் உயர்பதவிகளில் அமர்ந்து இனிது வாழ்ந்தனர் என்று முடிக்கலாமாயின் எழுதுவதற்கு எளிதாயிருக்கும். நடந்தது வேறு. 1949-இற் கேம்பிரிட்ஜ் ஷியாவைச் சீனமொழி கற்பிக்க அழைத்தது. அவர் மறுத்துப் பீக்கிங் திரும்பினார். 1957-இல் அவரும் ஜூ சீபிங்கும் 'வலதுசாரி' எனப் பழிக்கப்பட்டனர். நிருபர் இருவர் கையிலும் எழுதுகோல் நின்றது. ஷியாவ் பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்டார். ஜூ வடகிழக்கின் பனிப்பாழ் நிலத்திற்கு. இருபதாண்டுக்கு மேற்பட்ட காலம் அவ்வாறு கழிந்தது. 1979-இல் ஷியாவின்மீதிருந்த பழி நீக்கப்பட்டது. ஜூ ஹாங்காங் சென்று தம் பழைய பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் மீண்டும் அமர்ந்தார்.

பட்டதாரிகளின் வெற்றியை அவர் பெறும் சம்பளத்தாலும் ஏறிய பதவியாலும் கணக்கிடுவது எங்கும் வழக்கமாய்விட்டது. கலாசாலைகளின் விளம்பரத் தாள்களிலும் அக்கணக்கே நிரம்பியுளது. யெஞ்சிங் மாணவரை அவ்வழியிற் கணக்கிட்டால் இடையில் இருபதாண்டு வெற்றிடமாய் நிற்கும். அவ்வெற்றிடத்தைத் தோல்வி என்பதா? என் மட்டில் அவ்வாறு எழுத இயலவில்லை. கண்டதைச் சொல்லும் பழக்கம் உள்ளவனுக்கே அத்தகைய தண்டனை வாய்க்கும். அப்பழக்கத்தைக் கலாசாலையா தந்தது எனின், முழுவதும் அன்று என்றே சொல்வேன். கம்பளம் நெய்த கையிலேயே அது இருந்தது. கலாசாலை தந்தது, அதனைப் பயன்படுத்த இரு மொழியும், உலக வரலாற்றறிவும், நல்லாசிரியர் ஒருவரது நட்பும், தா குங் பாவின் வாயிலும். ஓர் ஏழை மாணவன் இவற்றைத் தனக்குத் தானே தேடிக்கொள்ள வாழ்நாள் போதாது. அவ்வளவில் அக்கல்வி தன் கடனைச் செய்தது.

அக்கலாசாலை தானும் துன்பத்திற்குத் தப்பவில்லை. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை அதனைச் சூழ்ந்து மூடியது. ஆசிரியர் பலரும் மாணவர் சிலரும் சிறைப்பட்டனர். அடுத்த ஆண்டே மேற்கேயுள்ள செங்டு நகரில் அது மீண்டும் கூடிற்று. பத்திரிகைத் துறை மாணவரும் தம் இதழை அங்கே தொடர்ந்து நடத்தினர். போர் முடிந்தபின் பழைய இடத்துக்குத் திரும்பிய அக்கலாசாலை 1952-இல் கலைக்கப்பட்டது. அதன் மாளிகைகளில் இப்பொழுது பீக்கிங் சர்வகலாசாலை நடைபெறுகின்றது. 1972-இல் இறந்த எட்கர் ஸ்னோவின் சாம்பலில் ஒரு பகுதி அங்குள்ள ஏரிக்கரையில் அடக்கஞ்செய்யப்பட்டுளது.

ஷியாவ் சியென் எண்பது வயதில் மற்றொரு வேலையை மேற்கொண்டார். கேம்பிரிட்ஜிற் படித்துக் குறிப்பெழுதி வைத்த ஜேம்ஸ் ஜாய்ஸ் என்பவரது 'யூலிஸஸ்' என்னும் பெருநாவலை, மொழிபெயர்க்கவொண்ணாதது என்று பலரும் கைவிட்ட அந்நூலை, தம் மனைவியார் வென் ஜியேருவோவுடன் சேர்ந்து சீனத்திற் பெயர்க்கத் தொடங்கினார். நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து இருவரும் உழைத்தனர். 1994-இல் அது முற்றுப்பெற்று அச்சேறியது. ஐந்தாண்டு கழித்து, 1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் காலமானார்.